கத்திரியில் ஒரு பட்டணப் பயணம்

பள்ளிக்கூடம் மூடியாச்சு. இனி வீட்டில் மாங்காயும் சண்டையும்தான். "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்கிற நச்சரிப்பு காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பமாகிவிடும். ஊர் உலகமெல்லாம் கோடையில் மலை ஏறுகிறது. போடிக்காரர்களாகிய நமக்கோ மலை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதனால் நம் குழந்தைகள் பட்டணத்துக்குத்தான் ஏங்குகின்றன. ரயில் வேண்டும், பெரிய கடை வேண்டும், மாடிக்குத் தானாக ஏறும் படிக்கட்டு வேண்டும்!

போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எட்டு வயசுப் பையன், ஒன்றரை வயசுப் பெண், கூட எங்க அத்தையும் வருவாங்க. மே மாசம் காய் எடுப்பு இல்லாத நேரம். வீட்டுக்காரருக்கும் அப்பதான் ஒழியும். மதுரையோ சென்னையோ போகலாம்னு இருக்கோம். வெயிலை நினைச்சாத்தான் பயமா இருக்கு. எந்தத் தேதியில் போனால் வெயில் குறைவா இருக்கும்?"

சகோதரி, அந்தத் தேதியை யாராலும் சொல்ல முடியாது. கத்திரி மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கம் சொல்கிறது. ஆனால் சென்னையில் 45 டிகிரி கொளுத்தியது 2003 மே 31-ஆம் தேதி, கத்திரி கழிந்த பிறகு! 2024-ல் நேர் எதிர். கத்திரி நடுவிலேயே தென் மாவட்டங்களில் மழை கொட்டி, மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனின் உயிரே போயிற்று. ஆகவே நாள் பார்ப்பதை விட்டுவிட்டு மணி பார்த்துத் திட்டம் போடுங்கள் என்பேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தோட்டத்திலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போடிக்கு வந்தாலே சுமார் ஆயிரம் மீட்டர் கீழே வந்துவிடுகிறீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலச் சூடு கூடும். மதுரை இன்னும் தாழ்வு. மதுரைக் குழந்தைக்கு உடம்பு பங்குனியிலிருந்தே வெயிலுக்குப் பழகியிருக்கும். மலைக் குழந்தைக்கு அப்படி இல்லை. உடம்பு புதுச் சூட்டுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். ஏலச்செடி விஷயம் உங்களுக்குத் தெரியாததா? நிழல் மரத்தடியில் வளர்ந்ததைத் திடீரென்று வெட்டவெளியில் நிறுத்தினால் இலை கருகாதா? அதனால் முதல் நாள் முழுக்க ஓய்வு. போடியிலோ தேனியிலோ உறவுக்காரர் வீடு இருந்தால் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவது இன்னும் உசிதம்.

இப்போது மணிக் கணக்கு. காலை ஆறிலிருந்து பத்து வரை உங்களுடையது. மாலை ஐந்துக்குமேல் உங்களுடையது. நடுவில் இருப்பது வெயிலுக்குச் சொந்தம். அதில் கை வைக்காதீர்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை கூரைக்கடியில் இருக்க வேண்டும். "இவ்வளவு காசு செலவழிச்சு வந்துட்டு ரூமிலேயே உட்காரவா?" என்று வீட்டுக்காரர் முனகுவார். முனகட்டும்.

மதுரையில் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். மீனாட்சியம்மன் கோயிலுக்கு விடிகாலையில் போய்விடுங்கள். எப்படியும் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். செருப்பை விட்டபின் சித்திரை வீதிக் கல்லில் நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். காலையில் ஜில்லென்றிருக்கும் அதே கல், பன்னிரண்டு மணிக்குப் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். நண்பகலுக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குளிர்சாதன வசதி உண்டு, குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. உங்கள் பையன் அங்கிருந்து கிளம்பவே மாட்டான்! விடுமுறை நாளை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் மஹாலையும் கடைவீதியையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனைமலை, சமணர் மலை எல்லாம் இந்தத் தடவை வேண்டாம். அவை மார்கழிக்குக் காத்திருக்கும்.

ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையா என்பீர்கள். தாராளமாகக் குடியுங்கள். ஆனால் அது தாகத்துக்கு மருந்தில்லை, தித்திப்புப் பண்டம். முதலில் தண்ணீர், பிறகு ஜிகர்தண்டா.

மதுரையா, சென்னையா? ஒன்றரை வயசுக் குழந்தை கையில் இருக்கும்போது என் ஓட்டு மதுரைக்குத்தான். சென்னை ரயிலில் இரவில் ஏறினால் வெயில் தெரியாமல் போய் இறங்கலாம், உண்மைதான். 2010 கடைசியில் பழைய மீட்டர்கேஜ் ரயில் நின்றதிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் சத்தமே கேட்காத நம் ஊருக்கு, 2023 ஜூன் 15-லிருந்து வண்டி வந்துவிட்டதே! ஆனால் சென்னை வண்டி வாரத்தில் மூன்று இரவுதான். மாட்டிக்கொண்டால் நினைத்த நாளில் திரும்ப முடியாது. மதுரையிலிருந்தோ ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் அன்றைக்கே வீடு. கணிக்க முடியாத வெயிலில் "போதும், கிளம்பலாம்" என்று சொல்ல முடிவது பெரிய சௌகரியம்.

இன்னொன்று, சென்னை வெயில் கடல்காற்றின் கையில் இருக்கிறது. காற்று நண்பகலுக்குள் கரையேறினால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டால் மூன்று மணிவரை நெருப்புத்தான். காற்று வந்தபிறகும் ஈரப்பதத்தால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? சென்னைதான் என்று முடிவு செய்தால் எழும்பூர் மியூசியம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மெட்ரோ ரயில் என்று நண்பகலை ஓட்டுங்கள். மெரீனாவுக்கு மாலையில் மட்டும்.

வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது? பத்து நாளைக்கு முன்னால் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் வானிலை ஆய்வு மையம் சொல்வதைக் கேளுங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால், வெயிலுக்கானாலும் மழைக்கானாலும், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அவர்கள் சொல்லும் 40 டிகிரி நிழலில் அளந்தது என்பதும் நினைவிருக்கட்டும். வெட்டவெளியில் நிற்கும் உங்களுக்கு அதைவிட அதிகமாகவே சுடும்.

தண்ணீர் விஷயத்தில் குழந்தை கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்குத் தாகம் மறந்துவிடும். சிறுநீர் கழித்து நேரமாகிவிட்டதா, கழித்தது மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயிலிலும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். அடிக்கடி கொடுங்கள், கொடுக்கிற அம்மா நிறையக் குடிக்கட்டும். குழந்தைக்கு வெயில் படாமல் இருக்க முகத்தை டவலால் மூடித் தூக்கிப் போகிறார்களே, அது கூடவே கூடாது. உள்ளே காற்று அடைபட்டுச் சூடு ஏறும். குடை பிடியுங்கள்.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து வாங்கிப் பையில் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சடித்திருக்கும். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. பழரச டப்பாக்களில் அந்த எழுத்தைப் போட்டு விற்றது பெரிய குழப்பமாகி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைத் தடுத்தது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு சிட்டிகைகூட மிஞ்சக்கூடாது.

போன கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பஸ் நிலையத்தில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்தேன். தூணில் சாய்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஏதோ உளறிக்கொண்டிருந்தார். தொட்டால் அடுப்பு மாதிரி உடம்பு. சுற்றி நின்றவர்கள் "காபி வாங்கிக் கொடுங்க", "காய்ச்சல் மாத்திரை கொடுங்க" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டீக்கடை அம்மாள் ஒருத்தி மட்டும் ஒரு குடம் தண்ணீரை எடுத்துவந்து தலையோடு ஊற்றி, நனைந்த புடவைமேல் அட்டையால் விசிறத் தொடங்கினார். 108 வரும்வரை நிறுத்தவில்லை. பேச்சுத் தடுமாற்றம் வெப்ப அதிர்ச்சியின் முதல் அடையாளங்களில் ஒன்று. அந்த நேரத்தில் காய்ச்சல் மாத்திரை உதவாது. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, நிழலுக்கு நகர்த்தி, நனைத்து, விசிற வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்ததை நினைத்துப் பார்த்தால், இதை எட்டு வயசுப் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டா? சில மாத்திரைகள் நீரை வெளியேற்றும் வகை. கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். குழந்தையையும்தான், ஐந்து நிமிஷம்கூட. வயசானவர்கள் "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பாருங்கள், சொல்லைக் கேட்காதீர்கள்.

திரும்புகிறபோது இருட்டுவதற்குள் மலை ஏறிவிடும்படி மதுரையில் காலையிலேயே கிளம்புங்கள். மே மாதத்து மாலையில் மலைமேல் எப்போது இடி மழை பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை. வேர்வையில் நனைந்த சட்டையோடு குழந்தை போடிமெட்டுப் பனியில் இறங்கினால் வெடவெடவென்று நடுங்கும். ஆகவே மதுரைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு ஸ்வெட்டர் இருக்கட்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.