ஓடுகிறது, சரி, வளையம் முழுதாக இருக்கிறதா?

பெரிய அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பூட்டிய இரும்பு அலமாரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவை சுவிட்சுகள். சுவரில் தட்டும் விளக்குச் சுவிட்ச் அல்ல. கணினிகளிலிருந்து வரும் கேபிள்களை வாங்கி, ஒன்றின் தகவலை இன்னொன்றிடம் சேர்க்கும் கருவி. ஒன்றில் பெரும்பாலும் 24 அல்லது 48 துளைகள் இருக்கும். அது போதாதபோது பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்புறத்தில் தனிக் கேபிளால் பிணைத்து, அனைத்தும் ஒரே சுவிட்சாக இயங்கும்படி செய்கிறார்கள்.

பச்சை விளக்கைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடும் பழக்கம் நமக்கு அளவுக்கு மீறி இருக்கிறது என்பது என் கருத்து. ஆபத்து பெரும்பாலும் பின்புறத்தில்தான் தொடங்குகிறது.

2003ஆம் ஆண்டு சிஸ்கோ நிறுவனம் வெளியிட்ட காட்டலிஸ்ட் 3750 வகையை எடுத்துக்கொள்வோம். இதில் 9 சுவிட்சுகள் வரை அடுக்கலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு இணைப்புத் துளைகள் உண்டு. முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும் இணைத்துக்கொண்டே போய், கடைசியை மறுபடியும் முதலாவதோடு இணைப்பார்கள். வளையம் பூர்த்தியாகிறது. வேகம் வினாடிக்கு 32 கிகாபிட்.

இப்போது ஒரு கேபிள் கழன்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? யாருக்கும் எதுவும் தெரியாது! தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். வேகம் 16 கிகாபிட்டாகப் பாதியாகும், ஆனால் சாதாரண வேலைக்கு அதுவே போதும் என்பதால் எவரும் புகார் செய்யமாட்டார்கள். முன்புற விளக்குகளும் வழக்கம்போல் மினுக்கும்.

பினாங்குத் தீவுக்கு 1985இல் ஒரு பாலம் திறக்கப்பட்டது, 2014இல் இன்னொன்று. ஒன்றை மூடினால் மற்றொன்றில் வாகனங்கள் குவியும். சுங்கை பட்டாணியிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாயான் லெப்பாஸ் போகும் உங்கள் அண்ணனோ அக்காவோ அன்றைக்கே வீட்டில் புலம்புவார்கள். சுவிட்ச் அடுக்கில் புலம்ப ஆள் இல்லை. அதுதான் வித்தியாசம்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 9 சுவிட்சுகள் உள்ள வளையத்தில் 9 கேபிள்கள். வளையம் முழுதாக இருக்கும்வரை, அவற்றில் எந்த ஒன்று அறுந்தாலும் அடுக்கு பிரியாது. ஒன்று அறுந்த பிறகோ மீதி 8இல் எது அறுந்தாலும் அடுக்கு இரண்டாகப் பிளக்கும். நடுவில் இருக்கும் ஒரு சுவிட்சுக்கு மின்சாரம் போனாலும் அதே கதைதான். பிளந்த இரு பாதிகளும் 'நான்தான் தலைவன்' என்று ஒரே முகவரியோடு இயங்கத் தொடங்கலாம். ஒரே வீட்டு எண்ணை இரண்டு வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொண்டால் தபால்காரர் என்ன செய்வார்?

கடலுக்கு அடியிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைத்த டாட்-14 என்ற கடலடிக் கேபிள், வளைய வடிவில் அமைந்தது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் தாங்கும். ஆனால் 2003 நவம்பரில், ஒரே மாதத்திற்குள் இரண்டு முறை அறுந்தது. பிரிட்டனில் இணையச் சேவை பாதிக்கப்பட்டது. கடலடிக் கேபிளைச் சரிசெய்யக் கப்பல் போக வேண்டும், நாளாகும், அதை ஒப்புக்கொள்ளலாம். அடுக்குக் கேபிளுக்கோ பல நேரங்களில் முனையிலுள்ள திருகை விரலால் இறுக்கினாலே போதும். ஆனால் கழன்றது தெரிந்தால்தானே இறுக்க முடியும்?

தெரிந்துகொள்வது கடினமே இல்லை. 3750இல் 'ஷோ சுவிட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ்' என்று ஒரு கட்டளை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு வரி வரும். இரண்டு துளைகளின் நிலையும் 'ஓகே' அல்லது 'டவுன்' என்று அதில் இருக்கும். வளையத்தின் வேகத்தைக் கேட்டால் 'ஃபுல்' அல்லது 'ஹாஃப்' என்று பதில் வரும். அரை நிமிட வேலை.

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் பிரட்டு பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறார், எந்த நிரைக்கு ஆள் இல்லை என்று பார்ப்பார்கள். பால் வந்து சேர்ந்த பிறகு மொத்தத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால், விடுபட்ட நிரை எது என்று தெரியாது. அந்தக் கட்டளை செய்வதும் ஒரு பிரட்டுதான்.

"கேபிள் கழன்றால் சுவிட்சே செய்தி அனுப்புமே, சார்?" என்று சிலர் கேட்பீர்கள். அனுப்பும். எங்கே அனுப்ப வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லி வைத்திருந்தால், வந்த செய்தியை யாராவது படித்தால். தானியங்கி அறிவிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

நம் பள்ளிப் போட்டிகளில் ஒரு கருவி ஓடினால் கைதட்டுகிறோம். மாற்று வழி உயிரோடு இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டிய மாணவருக்குத் தனிப் புள்ளி கொடுத்து நான் பார்த்ததில்லை. இது மாற வேண்டும். உங்களில் பலர் நாளை ஜித்ராவிலோ கூலிமிலோ உள்ள போலிடெக்னிக்கில் படித்து, தொழிற்சாலை வலையமைப்பைப் பராமரிக்கப் போகிறவர்கள். ஓடுவதை ஓட்டுவதற்கு மட்டும் தெரிந்தவருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதைக் கண்டுபிடிப்பவருக்கும் ஒரே சம்பளம் கிடைக்காது.

கணினிக் கழகத்தார் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். பள்ளியில் சுவிட்ச் அடுக்கு இருந்தால், பொறுப்பாசிரியரின் அனுமதியோடு மாதம் ஒருமுறை தொழில்நுட்பர் பக்கத்தில் நின்று நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கு இல்லையென்றால் மண்டபத்து அவசர விளக்கிலிருந்து தொடங்குங்கள். மின்சாரம் இல்லாதபோது அது எரிகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள்?

அடுக்கைச் சோதிக்கும்போது 'ஓகே'யை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். அந்தக் கட்டளையின் சுருக்க அட்டவணையில், இணைப்பு எத்தனை முறை நிலை மாறியது என்ற எண்ணும் இருக்கும். போன மாதத்தைவிட அது கூடியிருந்தால், இப்போது 'ஓகே' என்று காட்டும் கேபிள் இடையில் விட்டு விட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள், அவர் இரு முனைத் திருகுகளையும் பார்ப்பார். நீங்களாகக் கை வைக்க வேண்டாம். வளையம் ஏற்கனவே வேறோர் இடத்தில் அறுந்திருந்தால், நீங்கள் அசைக்கும் கேபிள் இரண்டாவது அறுப்பாகிவிடும்.