பசை எந்த முகத்தை விட வேண்டும்

ஒட்டுநாடாச் சுருள் என்பது ஒரே படலம் தன்மேலேயே சுற்றிக்கொண்ட வடிவம். அதில் பசை எப்போதும் இரண்டு முகங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்று, தான் பூசப்பட்ட படலத்தின் உள்முகம். மற்றொன்று, அடியில் கிடக்கும் சுற்றின் முதுகு. சுருளைப் பிரிக்கும்போது பசை முதுகை விட்டுவிட வேண்டும், உள்முகத்தை விடக் கூடாது. பொருளில் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது பொருளை விட வேண்டும். அப்போதும் உள்முகத்தை விடக் கூடாது, தானும் நடுவே பிளக்கக் கூடாது. உள்முகத்தோடு உள்ள பிடியும் பசையின் உள்வலுவும் மேலே, பொருளோடு உள்ள பிடி அடுத்து, முதுகோடு உள்ள பிடி எல்லாவற்றுக்கும் கீழே. இந்த வரிசை ஓரிடத்தில் மாறினாலும் ஜம்போ ரோல் எனப்படும் பெருஞ்சுருள் முழுவதும் கழிவுக்குப் போகும். இத்துறையில் பெயர் பெற்ற கண்டுபிடிப்புகளை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தால், புகழ் பசைக்குப் போயிருக்கும். ஆனால் வேலையை முடித்துவைத்தது பெரும்பாலும் பசைக்கு அடியிலோ முதுகிலோ பூசிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகவே இருக்கும்.

அழுத்தப் பசை காய்ந்து இறுகும் பசை அல்ல. வஜ்ஜிரமும் மாவுப்பசையும் ஈரமாகப் பரவி, பின்பு இறுகிப் பிடிக்கின்றன. அழுத்தப் பசை பரவும்போது எப்படி இருந்ததோ, பிடிக்கும்போதும் அப்படியேதான் இருக்கிறது. விரலால் அழுத்தும் ஒரு விநாடிக்குள் பரப்பின் மேடு பள்ளங்களில் இறங்கும் அளவுக்கு அது மெத்தென்று இருக்க வேண்டும். இந்த மெத்தன்மைக்கு 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் ஓர் எல்லை வகுத்தார். அறை வெப்பத்தில், ஒரு விநாடி அளவில், பசையின் விறைப்பெண் ஏறத்தாழ 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் தொட்ட மாத்திரத்தில் ஒட்டாது. இயற்கை ரப்பர் இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. அதில் பைன் பிசினைச் சேர்க்கும்போது இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடக்கின்றன. மெதுவான அழுத்தத்துக்குக் கலவை இளகிக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. வேகமான உரிப்புக்கு முன்னைவிட விறைத்து நின்று எதிர்க்கிறது. பிசின் வெறும் ஒட்டும் பொருள் என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஓர் எல்லைக்குப் பிறகு ஒட்டாத, நொறுங்கும் பூச்சைப் பெறுவது இதனால்தான்.

துறையின் தொடக்கம் மருத்துவத்தில். 1845இல் அமெரிக்காவில் ஹோரஸ் டே என்ற அறுவை மருத்துவர் ரப்பர்ப் பசையைத் துணியில் பூசிப் பிளாஸ்திரி செய்தார். 1882இல் ஹாம்பர்க்கில் பால் பையர்ஸ்டோர்ஃப் தம் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். தோலை உறுத்தாமலிருக்கப் பின்னர் துத்தநாக ஆக்சைடு சேர்ந்தது. துணியின் இழைகளுக்குள் பசை தானாகவே வேரூன்றிக்கொள்ளும் என்பதால், உள்முகத்துப் பிடி அன்று யாருக்கும் சிக்கலாகத் தோன்றவில்லை.

அது சிக்கலானது தாளுக்கும் படலத்துக்கும் மாறியபோது. 1920களில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாயின. ஒரு நிறம் அடித்த இடத்தை மறைத்துவிட்டு மறு நிறம் அடிக்க வேண்டும். பட்டறைகளில் செய்தித்தாளை மருத்துவ டேப்பாலும் கோந்தாலும் ஒட்டினார்கள். உரித்தால் புதுப் பெயின்டும் சேர்ந்து வந்தது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த 3எம் அன்று உப்புத்தாள் செய்யும் நிறுவனம். அதன் இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, புதிய உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கக் கார் பட்டறைக்குப் போன இடத்தில் பெயின்டர்களின் எரிச்சலைக் கண்டார். உப்புத்தாளும் பூச்சுத்தாள்தான். தாளின் மேல் ஒரு பசை, அதில் மணல், மணலைப் பிடித்து நிறுத்த மேலே இன்னொரு பசை. தாளில் சீராகப் பூசும் கைப்பழக்கமும் இயந்திரமும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1925இல் வந்த மறைப்பு டேப்பில் வஜ்ஜிரமும் கிளிசரினும் கலந்த பசை இருந்தது. ஆனால் டேப்பை டேப்பாக்கியது சுருக்கத்தாள். மட்கார்டின் வளைவில் வழுவழுப்பான தாளை ஒட்டினால் மடிப்பு விழும், அந்த மடிப்பின் வழியே பெயின்ட் உள்ளே புகும். சுருக்கத்தாளோ இழுத்த பக்கம் நீண்டு, விட்ட பக்கம் குறுகி, வளைவோடு படுத்துக்கொள்ளும். இன்றும் மறைப்பு டேப்பின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அந்தச் சுருக்கமும், தாளின் இழைகளைக் கட்டிவைக்க அதற்குள் ஊட்டும் ரப்பர்ப் பாலும்தான். ஊட்டம் குறைந்த தாள் உரிக்கும்போது நடுவே இரண்டாகப் பிளந்துபோகும். அந்தப் பழி வழக்கம்போல் பசையின் தலையில் விழும்.

1930இல் சந்தைக்கு வந்த செல்லோபேன் டேப்பில் சிக்கல் இன்னும் கூர்மையானது. செல்லோபேனைச் சுவிட்சர்லாந்தின் ழாக் பிராண்டன்பெர்கர் உருவாக்கியிருந்தார். ஈரம் புகாத வகையை 1927இல் டூபாண்ட் நிறுவனம் கண்டறிந்தது. அது கண்ணாடிபோல் வழுவழுப்பானது, சூட்டில் சுருளும், பூசும் இயந்திரத்தில் கிழியும், பசையைச் சீராக ஏற்காது. எல்லாவற்றையும்விட, உரிக்கும்போது பசை செல்லோபேனைக் கைவிட்டுப் பொருளிலேயே தங்கிவிடும் அபாயம் இருந்தது. துணியில் இழைகள் செய்த வேலையை இங்கே செய்ய ஏதுமில்லை. ட்ரூ படலத்துக்கும் பசைக்கும் நடுவே மெல்லிய பிரைமர் பூசினார். ஒரு பக்கம் செல்லோபேனோடும் மறுபக்கம் ரப்பரோடும் உறவுகொள்ளும் அந்தப் பூச்சு, இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் கட்டியது. உணவுப் பொட்டலங்களை மூடவென்று வந்த டேப் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கிழிந்த புத்தகம், உடைந்த பொம்மை, கிழிந்த ஜன்னல் திரை என்று வீடுகளுக்குள் நுழைந்தது. 1932இல் ஜான் போர்டன் வெட்டுப் பல் வைத்த டிஸ்பென்சரைச் செய்த பிறகுதான் சுருளின் நுனியை நகத்தால் தேடும் தொல்லை தீர்ந்தது.

பிரைமர் உள்முகத்தைக் காத்தது. முதுகுக்கு மறுதலையான மருந்து தேவைப்பட்டது. செல்லோபேனின் முதுகு ஓரளவு தானாகவே பசையை விட்டது. தாளும் வேறு பல படலங்களும் விடவில்லை. 1950இல் டால்குவிஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் பெற்ற காப்புரிமை இதற்கு ஒரு நேர்த்தியான விடை. பாலிவினைல் ஆல்கஹாலில் பதினெட்டுக் கரி அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளைப் பொருத்திய கார்பமேட் அது. பூசியதும் அச்சங்கிலிகள் நெல்தாள்போல் நிமிர்ந்து அடர்த்தியாக நிற்கின்றன. பசைக்குக் கிடைப்பது மெழுகுபோன்ற அவற்றின் நுனிகள் மட்டுமே. சிலிக்கோனைப்போல முற்றாக விலக்காமல், சுருள் தானாக அவிழாதபடி சற்றே பிடித்து, இழுத்தால் விடும் நடுத்தரமான விலக்கு இது. மேலே பேனாவால் எழுதவும் விடும். சுருளில் வரும் டேப்புக்குச் சிலிக்கோனைவிட இவ்வகைப் பூச்சே பொருத்தம் என்பதை இன்றைய புதுச் சூத்திரங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

அட்டைப்பெட்டி ஒட்டும் பி.ஓ.பி.பி. டேப்பில் இதே கணக்கு பூச்சே இல்லாமல் முடிகிறது. பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் சென்டிமீட்டருக்கு 30 டைன் அளவு. பசை அதைச் சரியாக நனைக்காது. ஒரு முகத்தை மட்டும் கொரோனா மின்பொறியில் சுட்டு 38 டைனுக்கு மேல் ஏற்றினால் அம்முகம் பசையைப் பிடித்துக்கொள்கிறது. சுடாத முகம் ரிலீஸ் பூச்சாகவே நடந்துகொள்கிறது. நீர்வழி அக்ரிலிக் பசையோடு இந்த ஏற்பாடு மலிவாகவும் நன்றாகவும் ஓடுகிறது. படலத்துக்கும் உருளைக்கும் நடுவே காற்று சிக்கி, பின்முகத்திலும் பொறி பட்டுவிட்டால் அங்கங்கே தீவுத்தீவாகப் பிடி ஏறும். ஸ்லிட்டிங் மேசையில் சுருள் இழுப்பும் விடுப்புமாகத் துள்ளிக்கொண்டு அவிழும். பசை தீவுத்தீவாக முதுகில் பெயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் பசையின் சூத்திரத்தை மாற்றுவது வீண். மேற்பரப்பு ஆற்றலைக் காட்டும் டைன் பேனாவால் முதுகில் ஒரு கோடு இழுத்தால் காரணம் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரீஷியனின் பையில் கிடக்கும் கருப்பு பி.வி.சி. டேப் வேறொரு பாடம். பி.வி.சி.யை வளையவைப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர் எண்ணெய். ஆரம்ப நாட்களில் டிரைகிரெசில் பாஸ்பேட். அந்த எண்ணெய் படலத்துக்குள் அடங்கியிருக்கவில்லை. மெல்ல ஊர்ந்து பசைக்குள் புகுந்தது; பசை கூழானது, எண்ணெய் இழந்த படலம் விறைத்தது. 3எம்மில் ஸ்நெல், ஓஸ், ஈஸ்ட்வோல்ட் மூவரும் 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டேப்பில் படலம், பிளாஸ்டிசைசர், பசை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்த்து வடிவமைக்கப்பட்டன. எண்ணெயின் ஊர்வை நிறுத்த முயல்வதைவிட, அது ஊர்ந்து போனாலும் கெடாத பசையை வைப்பதே வழி என்ற தெளிவு அதில் இருக்கிறது. மலிவு டேப்புகள் கோடையில் ஓரங்களில் பிசுபிசுத்து, சுருள் தொலைநோக்கிபோல் ஒரு பக்கம் நீண்டு தொங்குவது இந்தத் தெளிவு இல்லாத கலவையின் அடையாளம்.

ரப்பர்ப் பசையின் பெருங்குறை முதுமை. ரப்பர்ச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் ஒளியும் தாக்குகின்றன. பசை முதலில் இளகித் தாளுக்குள் இறங்கும், பிறகு மஞ்சளாகி, கடைசியில் படலத்தைக் கைவிட்டு மொறுமொறுப்பான கறையாக நிற்கும். சாக்கடல் சுருள்களுக்கு நேர்ந்தது இதுதான். ஈராயிரம் ஆண்டுப் பழைமையான தோல் துணுக்குகளை 1950களில் ஜெருசலேமில் ஆய்வாளர்கள் செல்லோபேன் டேப்பால் பொருத்தினார்கள். பசை தோலுக்குள் ஊறி எழுத்தைக் கருக்கத் தொடங்கியது. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்கும் வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. பழைய பத்திரம், குடும்பச் சாதகம், ஓலைச்சுவடியின் விளிம்பு என்று எதிலும் சாதாரண டேப்பை ஒட்டக் கூடாது என்று டேப் செய்கிறவர்களே வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும்.

1959இல் உல்ரிச் என்பவர் பெற்ற காப்புரிமை இந்தக் குறைக்கு வேரிலேயே விடை தந்தது. ஐசோ-ஆக்டைல் அக்ரிலேட் போன்ற நீண்ட சங்கிலி அக்ரிலேட்டோடு சிறு பங்கு அக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்து வளர்த்த கூட்டுப்பலபடி அது. பிசினே தேவைப்படாமல் தானாக ஒட்டியது. தாக்கப்பட இரட்டைப் பிணைப்பு இல்லாததால் மஞ்சளாகவில்லை. அமிலம் உள்வலுவைக் கூட்டியது. இங்கே புதுமை பசையில்தான், ஐயமில்லை. ஆயினும் 1961இல் வந்த மங்கலான மேஜிக் டேப்பை வாங்கியவர்கள் கண்டது அசிடேட் படலத்தின் மங்கிய, எழுதக்கூடிய முதுகைத்தான். 1960களில் ஷெல் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டைரீன்-ஐசோபிரீன் தொகுதிப்பலபடிகள் கரைப்பான் இல்லாமல் உருக்கிப் பூசும் வழியைத் திறந்தன. 1980இன் தடித்த அக்ரிலிக் நுரை டேப்புகள் புறஊதா ஒளியில் பசையை அதன் முழுத் தடிமனிலும் வளர்த்து, ஆணியும் ரிவெட்டும் செய்த வேலையை ஏற்றன.

கூட்டுப்பலபடியின் புகழ்பெற்ற கதை 3எம்மின் ஸ்பென்சர் சில்வருடையது. 1968இல் அவர் கண்ட அக்ரிலேட் நுண்கோளங்கள் ஒட்டின, உரித்தால் வந்தன, மறுபடி ஒட்டின. 1972இல் காப்புரிமை கிடைத்தது, பயன்தான் கிடைக்கவில்லை. 1974இல் ஆர்ட் ஃப்ரை பாட்டுப்புத்தகத்துக்கு அடையாளத்தாளாக அதை எண்ணிய கதை எல்லோரும் அறிந்தது. அதிகம் சொல்லப்படாத பாதி வேறு. கோளங்கள் தொட்ட இரண்டு தாளையும் ஒரேபோல் பிடித்ததால், உரிக்கும்போது எந்தத் தாளோடு போகும் என்பது உறுதியில்லை. குறிப்புத்தாளை எடுத்தால் பசை புத்தகத்தில் தங்கியது. ஹென்றி கோர்ட்னியும் ரோஜர் மெரிலும் தாளின் அந்தப் பட்டையில் பூசிய பிரைமர் கோளங்களை ஒரு பக்கத்தில் வேரூன்ற வைத்தது. அந்தப் பூச்சு இல்லாமல் 1980இல் போஸ்ட்-இட் கடைக்கு வந்திருக்காது.

உரிப்புச் சோதனையைப் படிக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. எஃகுத் தகட்டில் ஒட்டி, 180 பாகையில் மடக்கி, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் உரித்தால் கருவி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணோடு தகட்டையும் பார்க்க வேண்டும். தகடு பளிச்சென்று இருந்தால் வரிசை சரி. தகட்டிலும் டேப்பிலும் பாதிப்பாதி பசை நூலிழுத்திருந்தால் உள்வலு போதவில்லை; குறுக்குப்பிணைப்பைக் கூட்ட வேண்டும். பசை முழுவதும் தகட்டில் தங்கி, கையில் வெறும் படலம் வந்தால் பிரைமரோ கொரோனாவோ தோற்றிருக்கிறது. மூன்றாவது நிலையில் கருவி உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும், அந்த ரோல் "நல்ல பிடி" என்ற குறிப்போடு தேர்ச்சி பெற்றுவிடவும் கூடும். எந்த முகத்தில் பிரிந்தது என்று எழுதாத சோதனை அறிக்கை பாதி அறிக்கை. காப்புரிமைக் கோரிக்கைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்: பசையின் கலவையைப் பத்தி பத்தியாக விவரித்துவிட்டுப் பிரைமரை "ஏற்ற ஒரு பூச்சு" என்று கடந்துபோகும் ஆவணத்தை வைத்துப் பட்டறையில் எதையும் செய்ய முடியாது.

முகவரிச்சீட்டு முதுகையே தனித் தாளாக்கிவிட்ட வடிவம். 1935இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டான் ஏவரி தானே ஒட்டும் சீட்டுகளைச் செய்யத் தொடங்கினார். 1950களிலிருந்து சிலிக்கோன் பூசிய அடித்தாளான லைனர் அதற்குத் துணையானது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் சிலிக்கோன், பிளாட்டினம் வினையூக்கியில் சில விநாடிகளில் முற்றுகிறது. முற்றாமல் மிஞ்சியது பசைக்கு மாறினால் சீட்டு ஒட்டாது. ஒட்டி முடித்தபின் லைனர் குப்பை. அந்தச் சிலிக்கோனே அதைக் காகிதக் கூழுக்கு அனுப்பத் தடையாக நிற்கிறது. லைனர் இல்லாத சீட்டுகள் சிலிக்கோனை அச்சிட்ட முகத்தின் மேலேயே பூசித் தன்மேலேயே சுற்றிக்கொள்கின்றன. அதாவது சீட்டு மறுபடி டேப் ஆகிறது. அச்சுத் தலையின் சூடு தன்னைத் தாண்டிப் போய் எழுத்தைப் பதிக்கும் அளவுக்கு மெல்லியதாகவும், பசை விலகும் அளவுக்கு முழுமையாகவும் அந்தப் பூச்சு இருக்க வேண்டும். வெட்டும் கத்தியிலும் உருளைகளிலும் பசை அப்பாதிருக்க அவற்றுக்கும் ஒட்டாப் பூச்சு தேவை. இப்போது இத்துறையில் மிகுந்த கவனத்தோடு வேலை நடக்க வேண்டிய இடம் அந்த ஒரு கிராம்.