நாய் நுழையும் வழி, அனல் நுழையும் இடுக்கு

வளர்ப்பு நாயும் பூனையும் யாரையும் எதிர்பார்க்காமல் வந்துபோக, கதவின் அடியிலோ சுவரிலோ துளை வெட்டித் தொங்கு மடல் ஒன்றைப் பொருத்துவதே செல்லப்பிராணிக் கதவு. ஓட்டு வீடும் முற்றமும் இருந்த காலத்தில் பூனைக்குத் தனி வாசல் வேண்டியிருக்கவில்லை. ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில்தான் அது தேவைப்படுகிறது. மின்சாரக் கணக்கும் அங்கேதான் வருகிறது.

புனேயின் கோர்படியில் ராணுவக் குடியிருப்பு, ரயில்வே குடியிருப்பு, பழைய பங்களா, புது அடுக்ககம் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கின்றன. சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஏப்ரல் பிற்பகலில் 38 டிகிரி செல்சியஸ் தகித்தாலும் இரவில் 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும்; பலர் ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்குகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர் உண்டு, ஆனால் வீட்டைச் சூடாக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே இங்கே ஆற்றல் வீணாவது பெரும்பாலும் கோடைப் பிற்பகல்களில் மட்டுமே.

அந்தப் பிற்பகலின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தோள் உயரம் 50 சென்டிமீட்டர் உள்ள நாட்டு நாய்க்கு 25 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் கொண்ட வழி போதும். மடலே இல்லாமல் அந்தத் துளை திறந்து கிடக்கிறது, நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் மெல்லிய காற்று அதன் வழியே வருகிறது என்று கொண்டால், நொடிக்கு 26 லிட்டர் அனல்காற்று உள்ளே நுழையும். வெளியே 38, உள்ளே 24 டிகிரி என்றால் அது கொண்டுவரும் வெப்பம் ஏறத்தாழ 440 வாட். ஒன்றரை டன் ஏசியின் திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நல்ல ஏசி அதை வெளியேற்ற எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் செலவழிக்கும்.

சாதாரண ஒற்றை மடலை மாட்டினால் என்ன ஆகும்? சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும், திறந்திருக்கும் பரப்பு முன்பிருந்ததில் 4 விழுக்காடுதான். கசிவால் வரும் வெப்பம் 18 வாட் அளவுக்குச் சுருங்கிவிடும். மடலின் ஊடாகக் கடத்தப்படுவதோ 6 வாட்தான். இரட்டை மடலும், நடுவே காற்றடைப்பும் என்று கூடுதல் விலை சொல்லும் கதவு முக்கியமாகக் குறைப்பது இந்த 6 வாட்டைத்தான். உள்ளுக்கும் வெளிக்கும் 30, 40 டிகிரி வேறுபாடு மாதக்கணக்கில் நீடிக்கும் கனடா போன்ற நாட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. கோர்படியில் அந்தப் பணத்தை விளிம்புக்குச் செலவிடுவதே சரி: சட்டத்தோடு ஒட்டும் காந்தப் பட்டை, பக்கங்களில் பிரஷ் அல்லது ரப்பர் பட்டை. காந்தத்தின் இழுவையைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். பலமான காந்தத்தை ஒரு பூனையால் தள்ள முடியாது. தள்ள முடியாத கதவை அது இரண்டாம் முறை சீண்டவே சீண்டாது.

எந்தக் கதவில் வெட்டுவது என்பது மடலைவிட முக்கியம். ஏசி உள்ள படுக்கையறையிலிருந்து நேரே வெளியே திறக்கும் கதவைத் தொடவே கூடாது. மேற்குப் பார்த்த கதவும் வேண்டாம். கோடைப் பிற்பகலின் வெயில் அதன்மீதுதான் விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரலும் அதன்மீதுதான் அடிக்கும். வடக்கிலோ கிழக்கிலோ, கூரை நிழல் விழும் வராந்தாக் கதவே ஏற்றது. துளையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் இருந்தால் மழைத்தண்ணீர் ஏறாது, பரப்பும் குறையும். மூட்டு வலியுள்ள கிழ நாய்க்கு அந்த உயரம் கொடுமை. அதற்கு இறக்கித்தான் வைக்க வேண்டும்.

ஃபிளஷ் கதவுகள் சில உள்ளே கூடாக இருக்கும். தச்சர் வெட்டியதும் அந்தக் கூட்டில் மரக்கட்டை வைத்து அடைத்து, வெட்டுவாய்க்கு வண்ணம் பூசி, சட்டத்தைச் சுற்றி சிலிக்கான் இழுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பிளைவுட் உப்பிவிடும். மலிவான பிவிசி மடல் வெயிலில் விறைத்து ஓரம் சுருளும். சிலிக்கான் மடல் நெடுநாள் வளைந்துகொடுக்கும். அரசுக் குடியிருப்பிலும் வாடகை வீட்டிலும் அனுமதியில்லாமல் கதவை வெட்டக் கூடாது. சறுக்கு ஜன்னலின் தடத்தில் மடலோடு கூடிய பலகையைச் செருகிவைத்தால் காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

இரவில் பூட்ட உறுதியான மூடுபலகை இல்லாத கதவை வாங்கவே வேண்டாம். தோட்டமுள்ள பகுதியில் பெருச்சாளியும் பாம்பும் வரும். தெருப்பூனைத் தொல்லை இருந்தால், தோலடியில் வைத்த 15 இலக்கச் சிப்பைப் படித்துத் தன் வீட்டுப் பூனைக்கு மட்டும் திறக்கும் மின்னணுக் கதவு பயன்படும்.

இந்தக் கதவுகளுக்கு ஏசி, ஃபிரிட்ஜுக்கு இருப்பதுபோல் நட்சத்திர முத்திரை கிடையாது. வாங்குபவரேதான் சோதிக்க வேண்டும். கடையில் மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும். பொருத்திய பிறகு ஊதுபத்தியை ஏற்றி விளிம்பை ஒட்டிக் கொண்டுபோனால், புகை எங்கே வளைகிறதோ அங்கே கசிவு. பட்டைகள் தேயும், ஆண்டுதோறும் மார்ச் பிறக்கும் முன்பே பார்த்து மாற்றிவிடுங்கள்.