கிருமி செத்தபின்னும் எஞ்சும் நஞ்சு

ஆட்டோக்ளேவ் டேப்பில் கருங்கோடுகள் தோன்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்பது நம் உயிரியல் ஆய்வகங்களில் வேரூன்றிய நம்பிக்கை. இளநிலை வகுப்பில் மனத்தில் பதியும் '121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம்' என்ற சூத்திரம் முனைவர் பட்டம் வரை கூடவே வருகிறது. அது பாக்டீரியாவையும் அதன் வித்துகளையும் கொல்லும். செத்த பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சைப் பற்றி எந்த உறுதியும் தராது.

கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடே அந்த நஞ்சு, பெயர் எண்டோடாக்சின். வெப்பத்தால் கொல்லப்பட்ட காலராக் கிருமிகளும் ஆய்வு விலங்குகளின் உயிரைப் பறிப்பதை 1892-இல் ரிச்சர்ட் பைஃபர் பதிவுசெய்தார். காய்ச்சி வடித்த நீரை ஊசிவழிச் செலுத்தியபின் வரும் காய்ச்சலுக்கு அதில் கலந்த பாக்டீரியாப் பொருள்களே காரணம் என 1923-இல் ஃபுளோரன்ஸ் சைபர்ட் காட்டினார். நூறாண்டு கடந்தும் இப்பாடம் நம் செய்முறைக் குறிப்பேடுகளில் முழுமையாக இடம்பெறவில்லை.

நீராவி எண்டோடாக்சினை ஓரளவு குறைக்கலாம். எவ்வளவு குறையும் என்பது செறிவையும் கரைசலையும் பொறுத்தது. ஆகவே அதை நம்ப இயலாது. மருந்துத் துறையில் கண்ணாடிக் கலன்களுக்கு 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் என்பதே வழக்கமான அளவுகோல். எண்டோடாக்சின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை மெய்ப்பிக்கவும் வேண்டும்.

இது மருந்தாலைகளின் கவலை மட்டும் அன்று. ஈ.கோலையில் உருவாக்கிய மறுசேர்க்கைப் புரதத்தை மேக்ரோஃபேஜ் செல்களில் இடும்போது டி.என்.எஃப். ஆல்ஃபா சுரந்தால், தூண்டியது புரதமா, ஒட்டிவந்த எண்டோடாக்சினா? வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்.எஸ்.பி. 70 இத்தகைய தூண்டுதல் தருவதாகப் பல ஆய்வுகள் கூறின. தங்கள் தயாரிப்பில் கண்ட தூண்டுதல் முழுவதும் எண்டோடாக்சின் கலப்பால் நேர்ந்தது என்று 2003-இல் காவோவும் சானும் நிறுவினர். 'கொதிக்கவைத்ததும் விளைவு மறைந்தது. எனவே காரணம் புரதமே' என்ற வாதமும் அத்துடன் ஆட்டம் கண்டது. மிகக் குறைந்த செறிவில் எண்டோடாக்சினும் கொதிநிலையில் வீரியம் இழக்கக்கூடும். வெப்பம் இங்கே முழுமையாக அழிப்பதுமில்லை, நம்பகமான சான்று தருவதுமில்லை.

பரிசோதனைக் கிட்டுகளின் விலை பல்கலைக்கழகத் துறைகளுக்குச் சுமை என்பது நியாயமான மறுப்பே. ஆனால் 250 டிகிரியை எட்டும் உலர்வெப்ப அடுப்பு பல துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் பொருள்களை எண்டோடாக்சின் அற்றவை என்ற சான்றுடன் வாங்கலாம். பாலிமிக்சின் பி கொண்டு ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வைக்கலாம். அளவிடும் வசதியைப் பல துறைகள் பகிர்ந்துகொள்ளலாம். ஐந்தாண்டு உழைப்பு அசுத்தத்தின் விளைவாக முடிவதைவிடவும், ஆய்வு விலங்குகள் வீணே மடிவதைவிடவும் இச்செலவு சிறிது.

ஆய்வேட்டில் 'ஆட்டோக்ளேவ் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. ஒரு மில்லிகிராம் புரதத்தில் எத்தனை எண்டோடாக்சின் அலகு என்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் கேட்கத் தொடங்கட்டும். அவ்வெண் ஆய்வேடுகளில் தானாக இடம்பிடிக்கும்.