சைக்கிள் துணி காயப் போடவா?



சுங்கை வே பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனால், மூலையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் நிற்பதைக் காணலாம். பிள்ளைகள் ஆசையாய் வாங்கித் தந்தது. அதன் மேல் துணி காய்கிறது; அப்பா நாற்காலியில் தொலைக்காட்சி பார்க்கிறார். விடியலில் காண்டாவாளியோடு மரத்துக்கு மரம் நடந்த கால்கள் அவை!

"உழைத்தது போதும், உட்காருங்கள்" என்கிறோம். அன்புதான். ஆனால் வேலை கொடுக்காத தசை கரைந்துவிடும். அப்புறம் குளியலறையில் ஒருமுறை வழுக்கினால் போதும்.

"இந்த வயதில் என்ன பலம் வரும்?" என்பீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரி 174 விழுக்காடு கூடியதாக 1990-இல் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

விலையுயர்ந்த சாதனம் வேண்டாம். ரப்பர் பட்டை ஒன்று போதும். நாம் வெட்டிய பாலின் பிள்ளைதானே அது! நாற்காலியில் அமர்ந்து, பட்டையை நழுவாதபடி பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் இடுப்புப் பக்கம் இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிறகு, முடிந்தால் கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நெஞ்சு நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

சைக்கிள் இருக்கிறதா? இன்றே துணியை எடுங்கள். பிள்ளைகளே, மாலையில் அப்பா பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று!