பம்பு சொல்லும் சேதி

பழைய மாரிஸ் மைனர் காரில் குடும்பத்தோடு போடிமெட்டு ஏறி மூணாறு செல்வோருக்கு ஒரு சொல். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அக்காருக்குப் பெட்ரோல் ஊட்டுவது எஸ்.யு. மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என ஒலித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் அடங்குவது அதன் இயல்பு, நோயன்று.

எஞ்சின் ஓடாதபோதும் விடாது படபடத்தால், டாங்கி வற்றியிருக்கலாம். அன்றேல் டாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் காற்றுப் புகலாம். விட்டுவிட்டு ஒலித்தால், பெட்ரோல் கசியலாம். அல்லது பம்பின் வால்வு சரிவர மூடாதிருக்கலாம். பெட்ரோல் வாடை வீசினால் உடனே சாவியை அணையுங்கள். தீக்குச்சி கிழிக்கவே வேண்டாம்.

ரயில் சக்கரத்தைத் தட்டி, ஓசையால் பழுதறிவதுண்டு. அதுபோல், மலையேறுமுன் ஒரு நிமிடம் காது கொடுங்கள். கொண்டையூசி வளைவில் குழந்தைகளோடு தவிக்க நேராது.