முதுமை வேறு, நோய் வேறு: பெரியவர்களின் விழித்திரை

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த பதில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்றார்கள். முதுமையை மட்டும் அதிலிருந்து விலக்கினார்கள். இதன் முற்பகுதியை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். பிற்பகுதியையோ நம் வீடுகளில் பொருந்தாத இடத்தில் பயன்படுத்துகிறோம். நன்னாவுக்குப் பார்வை குறைந்தால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அமைதியடைகிறோம். குறைந்தது முதுமையாலா, நோயாலா என்று யார் பார்த்தார்கள்? கண்ணின் உட்புறத்தைப் பொறுத்தவரை, அதை வீட்டில் இருந்தபடி எவராலும் தீர்மானிக்க முடியாது.

அரபு மருத்துவர்கள் விழித்திரையை வலைக்கு ஒப்பிட்டு 'ஷபகிய்யா' என்றார்கள். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் இந்த மெல்லிய படலத்தில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. மங்கலான ஒளியில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். வயது ஏற ஏற இவையே முதலில் குறைகின்றன. கண்மணியும் சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. ஆகவே, அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழகும் நேரமும் நீள்கிறது.

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தைக் கடந்து, பஜ்ருத் தொழுகைக்காக இருண்ட சந்துக்குள் திரும்பும் எழுபது வயதுப் பெரியவர் ஒரு கணம் தடுமாறினால், அது முதுமை. அதற்கு மருந்து இல்லை. ஆனால் உளூச் செய்யும் இடத்தில் ஒரு விளக்கும், படிகளின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும் போடலாம். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்கப் பேசும் நிர்வாகங்கள் இதை ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி நோய்க்கு வருவோம். விழித்திரையின் நடுவில் 'மாக்யுலா' எனப்படும் மஞ்சள் புள்ளி இருக்கிறது. முகங்களை அடையாளம் காண்பதும் எழுத்துகளை வாசிப்பதும் அதைக் கொண்டுதான். வயதானவர்களில் சிலருக்கு அது சிதையத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு வருவது மெல்ல நகரும் 'உலர்' வகை. சிலருக்கோ புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் 'ஈர' வகை வருகிறது. அது சில வாரங்களிலேயே நடுப்பார்வையை அழிக்க வல்லது. கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்துகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இதற்குப் பயன்பட்டு வருகின்றன. அவை மீதமுள்ள பார்வையைக் காக்கும். அழிந்ததைப் பெரும்பாலும் மீட்காது. தாமதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. குர்ஆன் பிரதிகள் பலவற்றில் பக்கத்தைச் சுற்றி நேர்கோட்டுக் கட்டம் இருக்கும். படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தின் நடுவை நோக்கட்டும். பிறகு மறு கண்ணால் நோக்கட்டும். கோடு வளைந்தோ, வரி நெளிந்தோ, நடுவில் கறையாகவோ தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீரெனக் கண்முன் கொசுக் கூட்டம்போல் புள்ளிகள் பறந்து, மின்னல் வெட்டி, ஓரத்தில் திரை விழுவதுபோல் தோன்றினால் அந்த நாளே செல்ல வேண்டும். விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம்.

இவை எதுவும் வலிப்பதில்லை. நீரிழிவால் விழித்திரை கெடுவதும் அப்படியே. பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே சேதம் நடக்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம் வீடுகளின் விருந்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த எண் வியப்பளிக்காது. நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து இட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எண் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

"கண்புரை எடுத்தாகிவிட்டதே" என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். புரை என்பது லென்ஸில் வருவது. புதிய லென்ஸ் பொருத்தியபின் ஒளி தெளிவாக உள்ளே போகும். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய விழித்திரை கெட்டிருந்தால் பார்வை தெளியாது.

ரமழானில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோருக்கும் ஒரு சொல். கண்ணில் மருந்து இடுவதால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் நிலை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் கண் சொட்டுமருந்தை நோன்பை முறிக்காதவற்றில் சேர்த்தது. அறுவைக்குப் பின் சஜ்தா செய்ய முடியாதே என்று அஞ்சுவோர், சைகையால் தொழும் சலுகை நோயாளிகளுக்காகவே உள்ளது என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளியலாம்.

எனக்குப் பெரிதும் கவலை தருவது நம் பெண்கள் நிலை. அத்தா தடுக்கி விழுந்தால் ஊரறியும். நன்னி குர்ஆனைத் திறப்பதை நிறுத்திவிட்டு மனப்பாடமான சூராக்களை மட்டும் ஓதத் தொடங்கினால், அதை யாரும் கவனிப்பதில்லை. அரிசியில் கல் பார்க்கும் வேலை மருமகளுக்கு மாறியிருக்கும். பிள்ளைகளுக்குச் சிரமம் தரக் கூடாது என்று அவர் வாய் திறக்கமாட்டார். நம்மிடம் முதுமை அடையும் பெற்றோரைச் "சீ" என்றும் சொல்லாதிருக்கக் குர்ஆன் கட்டளையிடுகிறது. அவர்கள் சொல்லாமல் மறைப்பதைக் கேட்டறிவதும் அந்தக் கடமையில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழித்திரைச் சிறப்புச் சிகிச்சைக்கு வேலூர், புதுச்சேரி, சென்னை செல்லலாம். மஹல்லா ஜமாஅத்துகள் நடத்தும் இலவசக் கண் முகாம்கள் பெரும்பாலும் புரையைக் கண்டறிவதோடு முடிகின்றன. அடுத்த முகாமுக்கு அழைக்கும்போது விழித்திரையைப் படமெடுக்கும் கருவியையும் கொண்டுவரக் கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவோரின் பயணச் செலவை பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள்.